கூத்துக்கு ஓர் இரவு

அன்புள்ள மச்சான்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதானால் அடுத்த கடிதத்தில் தாராளமாகத் திட்டு. அம்மாவுக்கு மூட்டுவலி குறைவு. கட்டையன் அப்படியேதான், கடனைத் திருப்பிக் கேட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கூத்துப் பழகுவதைப் பார்க்கப் போனேன். தொழிலுக்குப் போய் வந்த பெடியள், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் முன்னால் நின்று தொண்டை கிழியப் பாடுகிறார்கள். உடுப்புத் தைப்பவர், முடி கட்டுபவர், பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், வாசலில் கச்சான் விற்கிற அம்மா என்று ஒரு கூத்து இரவை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள், யோசித்துப் பார்! ஆனால் மேடையேற்ற வாடகைக்குக் காசில்லாமல் அலைகிறார்கள். எனக்கு அன்றைக்கு நித்திரையே வரவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய கலாசார மையத்தை 2023இல் கையளித்தார்கள். பதினொரு மாடிக் கோபுரம், 600 பேர் இருக்கக்கூடிய மண்டபம், நல்ல கட்டடம். ஆனால் மச்சான், கூத்துக்குச் சனம் சுற்றி இருக்கிற வட்டக்களரி வேண்டும், விடிய விடிய ஆட வெளி வேண்டும். முற்றவெளி மைதானத்தில் வருஷா வருஷம் பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கிறது. அதே வெளியை மாதத்தில் ஓர் இரவு கூத்துக்குக் கொடுத்தால் என்ன? சுற்றிவரப் பனையோலைப் பெட்டி, ஒடியல், கைத்தறி விற்கிற எங்கள் ஊர்ச் சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கடை கொடுக்கட்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சனம் வந்தால் வியாபாரம் எப்படிப் பெருகும் என்பதை நாங்கள் பார்த்தே வளர்ந்தவர்கள்.

மாநகரசபைக்குக் குப்பை அள்ளவும் வாய்க்கால் வெட்டவுமே காசு காணாது, கூத்துக்கு எங்கே போவது என்று நீ கேட்பாய். நான் கேட்பது காசை அல்ல. இடத்தையும் வெளிச்சத்தையும் கொடுக்க வேண்டும், நுழைவுச்சீட்டு விற்றால் களியாட்ட வரியை விட்டுக்கொடுக்க வேண்டும். கடை வாடகையில் சபைக்கும் ஒரு பங்கு திரும்பி வரும்.

நூலகமே அப்படி வந்ததுதானே! 1933இல் செல்லப்பா என்ற தனிமனிதர் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1935இல் நகர நிர்வாகம் அதைப் பொறுப்பெடுத்தது, அப்போது யாழ்ப்பாணம் மாநகரசபைகூட ஆகவில்லை. 1959இல் அந்தப் பெரிய கட்டடம் திறந்தது. 1981இல் எரித்தபோது எங்கள் நெஞ்சு என்ன பாடுபட்டது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருவரின் சின்ன முயற்சியை ஊர்ச்சபை கையில் எடுத்தால் எவ்வளவு தூரம் போகும்! அண்ணாவியாருக்கு வயதாகிறது, மச்சான். அவர் மனதில் இருக்கிற பாட்டெல்லாம் எழுத்தில் இல்லை.

மாநகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், பிரதி இதோடு வருகிறது. கணக்கு வழக்கு உனக்குத்தான் வரும். கடைக் கட்டணப் பகுதியைத் திருத்தி இந்த மாதத்துக்குள் அனுப்பு. கனடாக் குளிரைச் சாட்டுச் சொல்லாதே!

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி