முன்பண மானியம் வேறு, அமெரிக்க நிதி நீட்டிப்பு வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க அரசு முடக்கம் பற்றிய தங்கள் கட்டுரை, அங்கே முழு ஆண்டு ஒதுக்கீடு நிறைவேறாதபோது போடப்படும் தற்காலிக நிதி நீட்டிப்பை, நம் நாட்டில் பட்ஜெட் முழுதாக நிறைவேறும்வரை செலவுக்கென நாடாளுமன்றம் முன்கூட்டியே ஒப்புதல் தரும் முன்பண மானியத்தோடு ஒப்பிட்டிருந்தது. பாதிதான் சரி. புதிய பணிகளை இரண்டிலுமே பொதுவாகத் தொடங்க முடியாது. ஆனால் தொகையைக் கணக்கிடும் விதம் வேறு. சிக்கலே அங்கேதான்.

அரசியல் சட்டத்தின் 116-ஆவது பிரிவின்படி நாம் எடுக்கும் முன்பணம், வரப்போகிற ஆண்டின் மதிப்பீட்டில் ஒரு பகுதி. இரண்டு மாதத்துக்கென்றால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அங்கே பெரும்பாலும் போன ஆண்டுத் தொகைதான் அளவுகோல். போன ஆண்டு 100 கோடி டாலர் பெற்ற துறைக்கு, 49 நாள் நீட்டிப்பில் 365-இல் 49 பங்கு, அதாவது சுமார் 13.42 கோடி. அந்த நாட்களில் வழக்கமாக இதைவிடக் குறைவாகச் செலவிடும் துறையென்றால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும்.

விளைவு என்ன? முடிந்துபோன வேலைக்கு உரிய பணம் அதே கணக்குத் தலைப்பில் சும்மா கிடக்கும். தொடங்க வேண்டிய வேலை காத்திருக்கும். ஜனவரி ஊதிய உயர்வையும் பழைய தொகைக்குள்ளேயே சமாளிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு வேண்டுமானால் நீட்டிப்பு மசோதாவிலேயே தனியாக எழுதி வாங்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் கொலம்பியா ரக நீர்மூழ்கிக் கப்பலுக்கு அப்படித்தான் வாங்கினார்கள். ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பு ஒப்பந்தத்தை ஏழு வாரத்துக்கு மட்டும் போட்டு, கெடு முடிந்ததும் அதே கோப்பை மறுபடி நகர்த்துவார்கள். முழு ஒதுக்கீடு மார்ச்சில் வந்தால், ஓராண்டு நிதியை, அங்கே நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30-க்குள் ஒப்பந்தமாக்கியாக வேண்டும். நம் அலுவலகங்களின் மார்ச் மாத ஓட்டம் அங்கே செப்டம்பரில்!

அமெரிக்காவில் 1977 நிதியாண்டு தொடங்கி, நீட்டிப்பே இல்லாமல் நடந்தவை 1989, 1995, 1997 ஆகிய மூன்று ஆண்டுகள் மட்டுமே. நம் நாட்டில் மானியக் கோரிக்கைகளுக்கு மக்களவை வாக்களித்தால் போதும். தோற்றால் அரசே பதவி விலகும். அங்கே அதிபர் நாற்காலி அசையாது. செனட்டில் விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு தேவை என்பதால் சிறுபான்மைக் கட்சியும் பேரம் பேசலாம்.

பேரம் முறிந்தால் முடக்கம்: பணம் ஒதுக்கப்படாத துறைகள் பெரும்பாலான வேலைகளை நிறுத்த வேண்டும். 1980-இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடு இல்லாமல் செலவிடக் கூடாது என்ற 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கடுமையான விளக்கம் தரும்வரை, ஒதுக்கீடு தீர்ந்தாலும் துறைகள் பெரும்பாலும் இயங்கியே வந்தன. 2025 அக்டோபர் 1 முதல் நடந்த முடக்கம் 43 நாள் நீண்டது. குடியேற்றத் துறை விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் மூடவில்லை. ஆனால் எச்-1பி வேலை விசா மனுவுக்கு முன்பே தொழிலாளர் துறையின் சான்று வேண்டும். அந்தப் பிரிவு அக்டோபரில் மூடிக் கிடந்தது. அங்கே வேலை மாற நினைத்த நம்மவர்கள் திண்டாடியது இதனால்தான். கட்டுரையில் இது விடுபட்டுவிட்டது.

முடக்கத்தை முடித்துவைத்து நவம்பர் 12-இல் கையெழுத்தான சட்டத்தை ‘தீர்வு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஒதுக்கீட்டு மசோதாக்களில் வேளாண்மை, ராணுவக் கட்டுமானம்-முன்னாள் படைவீரர் நலன், நாடாளுமன்றச் செலவு ஆகிய மூன்றுக்குத்தான் அதில் முழு ஆண்டு நிதி கிடைத்தது. மற்ற ஒன்பதுக்கும் 2026 ஜனவரி 30 வரை தவணை மட்டுமே. இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, எந்தெந்தத் துறைக்கு முழு நிதி, எதற்குத் தவணை, எதற்கு விலக்கு என்று சிறு அட்டவணை சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.