டார்க் ஹார்ஸ் என்றால் திட்டு இல்லை, கண்ணு

தருமபுரி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம். அன்றைக்கு நீ ஃபோனில் கேட்டதற்கு அடுப்பில் களியை வைத்துக்கொண்டு அரைகுறையாகப் பதில் சொன்னேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ நர்ஸாக இருக்கிற வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் உன்னை அந்த சீனியர் சிஸ்டர் ‘டார்க் ஹார்ஸ்’ என்று சொன்னது நிறத்தைப் பற்றி இல்லை. அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த பேச்சு. எந்தக் குதிரை எப்படி ஓடும் என்று பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கிலேயே வராத, யாருக்கும் விவரம் தெரியாத குதிரைதான் டார்க் ஹார்ஸ். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான டிஸ்ரேலி 1831இல் எழுதிய ஒரு நாவலிலேயே, யாரும் நினைத்துப் பார்க்காத அப்படி ஒரு குதிரை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓடும். நரம்பே கிடைக்காத அந்தப் பெரியவருக்கு நீ முதல் தடவையிலேயே ஊசி ஏற்றியதைப் பார்த்துவிட்டுத்தானே சொன்னார்? ‘இந்தப் பொண்ணுகிட்ட இவ்வளவு இருக்கா’ என்று அர்த்தம். நீ வேறு மாதிரி நினைத்ததிலும் தப்பில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிறத்தைப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள்தானே நீ.

அப்புறம், கூட வேலை பார்க்கிற பெண்ணுக்காக நீ எழுதிய ரெஃபரன்ஸ் கடிதம். சிம்பிள், ஹோம்லி, இன்னசென்ட், அட்ஜஸ்டபிள். கண்ணு, இது நம் ஊர்க் கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு கொடுக்கிற சர்டிஃபிகேட்! நீ இருக்கிற நாட்டில் ஒருவரை சிம்பிள் என்றால், பகட்டில்லாதவர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புத்தி கொஞ்சம் மட்டு என்றும் படலாம். ஹோம்லி என்பது அமெரிக்காக்காரர் காதில் ‘பார்க்க லட்சணமில்லை’ என்றுதான் விழும். உன் வார்டில் எல்லா நாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். இன்னசென்ட் என்று எழுதினால், எந்த கேஸில் மாட்டி வெளியே வந்தாள் என்று கேட்பார்கள். அட்ஜஸ்டபிள் என்பது நாற்காலிக்குச் சொல்வது. மனுஷிக்கு அடாப்டபிள், இல்லை ஈஸி டு வொர்க் வித். பகட்டில்லாதவள் என்பதற்கு டவுன் டு எர்த் போதும். கடிதத்தில் கொஞ்சம் மரியாதையாக வேண்டுமென்றால் அனஸ்யூமிங் என்று போடு.

‘கேரக்டர்’ என்ற சொல்லே இரண்டு பக்கமும் ஒன்றில்லை. இங்கே ஒரு பெண்ணைக் கேரக்டர் சரியில்லை என்று சொன்னால் ஊரே வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிடும். அங்கே ‘ஷீ இஸ் அ ரியல் கேரக்டர்’ என்றால் ஆள் ஒரு தினுசு, கூட இருந்தால் பொழுது போகும் என்கிற மாதிரி. யாராவது உன்னை அப்படிச் சொன்னால் அழுதுகொண்டு எனக்கு ஃபோன் பண்ணாதே.

பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் இங்கிலீஷ் நடத்தியவள் சொல்கிறேன், இந்தச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணினால் நிற்காது. ஒவ்வொன்றுக்கும் நமக்குத் தெரிந்த ஒரு ஆளைப் பிடித்துவை. உன் ஆயாவை எடுத்துக்கொள். புளி சீசனில் முற்றத்தில் உட்கார்ந்து சிறு சுத்தியலால் ஒவ்வொரு பழமாகத் தட்டிக் கொட்டையை எடுப்பாள். ஓடு அடுப்புக்கு, கொட்டை தனிச் சாக்கில் வியாபாரிக்கு, நார்கூட வீணாகாது. ஆனால் வீட்டுக்கு வந்தவரை ஒரு வாய் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டாள். அவள் த்ரிஃப்டி. அதே தெருவில் எச்சில் கையால் காக்கா ஓட்டாத உன் பெரிய மாமா இருக்கிறாரே, அவர் ஸ்டிஞ்சி, டைட் ஃபிஸ்டட். இரண்டு பேரும் காசை எண்ணித்தான் வைக்கிறார்கள். சொல்லை மாற்றிப் போட்டால் ஆயாவுக்குச் செய்கிற அநியாயம் அது. ஸ்டபர்ன், டிடர்மின்ட் என்பதும் இப்படித்தான். பிடிவாதம் பிடிக்கிறவரை உனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை நீ எடுக்கிற சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

சென்ஸிபிள், சென்ஸிடிவ் இரண்டையும் குழப்பாதே. முன்னது விவரமாக நடந்துகொள்கிறவர். பின்னது சட்டென்று மனசு நோகிறவர். மேலதிகாரி ‘நீ கொஞ்சம் சென்ஸிடிவ்’ என்று சொன்னால் தேங்க்யூ சொல்லிவிட்டு வராதே. (உன் அப்பா இதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத் தனக்கு என்ன சொல் என்று கேட்கிறார். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து ‘பிரேக் பிடி, ஹார்ன் அடி’ என்று நல்லம்பள்ளி வரைக்கும் வருகிறவருக்கு பேக்சீட் டிரைவரைத் தவிர என்ன சொல்ல?)

சால்ட் ஆஃப் தி எர்த் என்று கேட்டாயே, அது பைபிளில் மலைப் பிரசங்கத்தில் வருவது. தமிழ் பைபிளில் ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்று இருக்கும், மத்தேயு ஐந்தாம் அதிகாரம். ஆடம்பரமில்லாமல், நாணயமாக உழைக்கிறவர்களைச் சொல்வார்கள். நல்ல பாராட்டுதான். ஆனாலும் பெரிய இடத்து ஆட்கள் தங்கள் டிரைவரையோ தோட்டக்காரரையோ இப்படிச் சொல்லும்போது, முதுகில் தட்டிக்கொடுத்து அங்கேயே நிறுத்திவைக்கிற தொனியும் சில சமயம் இருக்கும். யார், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள். இந்த மாதிரித் தொடர்களை இப்போதைக்குக் காதால் வாங்கி வை, வாயால் எடுக்காதே. வெட் பிளாங்கெட் (எல்லார் உற்சாகத்தையும் கெடுக்கிறவர்), கோல்ட் ஃபிஷ் (தங்கமீன் இல்லை, மனசில் ஈரமில்லாதவர்) எல்லாம் அந்த ஆள் இல்லாத இடத்தில் பேசுகிற பேச்சு. கடிதத்தில் வரவே கூடாது.

ரெஃபரன்ஸில் அடைமொழியைக் குறைத்துவிட்டு அந்தப் பெண் என்ன செய்தாள் என்று எழுது. நம் தகடூர் அதியமானை ஔவையார் ‘நல்லவன், வல்லவன்’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைக் கழுவ ஆற்றுத்துறையில் படுத்துக் கொடுக்கிற யானை மாதிரி எங்களுக்கு இனியவன், பகைவருக்கு அதே யானை மதம் பிடித்த மாதிரி என்று புறநானூற்றில் பாடினார். படித்தால் ஆள் கண்ணுக்குத் தெரிகிறான். நீயும் அந்த நைட் ஷிஃப்டில், பயந்துபோன பாட்டியின் பக்கத்தில் அவள் விடியும்வரை உட்கார்ந்திருந்ததை இரண்டு வரியில் எழுது. அதற்குப் பிறகு கம்பாஷனேட், ரிலையபிள் என்று இரண்டே சொல் போதும்.

திருத்தியதை வாட்ஸப்பில் போடு. ராத்திரி எத்தனை மணியானாலும் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா