முளைப்பயறும் ஹாம்பர்க் குளிரும்

ஹாம்பர்க், ஜெர்மனி
டிசம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்த மாதத்தில் காலை எட்டரைக்குத்தான் விடிகிறது, மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இந்தக் குளிரில் பயறு எப்படி முளைக்கும் என்று போனில் கேட்டாய். மாசமாக இருக்கும் தங்கச்சிக்குத் தினமும் ஒரு கிண்ணம் முளைப்பயறு பச்சையாகக் கொடுப்பதாகவும் சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

ஹீட்டர் ஓடினாலும் சமையலறை 19, 20 டிகிரிதான். மதுரையில் ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் துணியில் கட்டினால் மறுநாள் வால் விட்டிருக்கும். இங்கே அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். சீக்கிரம் முளைக்கட்டும் என்று ஹீட்டர் மேலேயே வைத்தால் அடியில் இருப்பது சூட்டில் கெட்டு, மேலே இருப்பது காய்ந்துபோகும். ஜன்னல் ஓரமும் ஆகாது, கண்ணாடியிலிருந்து குளிர் இறங்கும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு வைப்பதுதான் சரிப்படுகிறது. தோசைமாவு புளிப்பதும் அங்கேதான்.

துணி மூட்டைக்குப் பதில் இங்கே கண்ணாடி பாட்டில். 100 கிராம் பாசிப்பயறுக்கு ஒரு லிட்டர் பாட்டில் வேண்டும். முளைத்தால் மூன்று நான்கு மடங்கு இடம் பிடிக்கும். மூன்று தண்ணீர் கழுவி, பயறு போல நாலு மடங்கு தண்ணீரில் பத்து மணி நேரம், குளிர்காலத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஊற வேண்டும். ஊறியபின் சிறுத்து, பளபளவென்று அப்படியே கிடப்பவை கல் பயறு. தோல் தண்ணீரை உள்ளே விடாததால் அவை முளைக்காது, வேகாது, பல்லைத்தான் பதம் பார்க்கும்; பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பிறகு நீரை வடித்து, பாட்டில் வாயில் மெல்லிய வெள்ளைத் துணியை ரப்பர் பேண்டால் கட்டி, ஒரு கிண்ணத்தில் சாய்வாகக் கவிழ்த்து வைப்பேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி அலசி வடிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வருவதால் கெட்டிலில் சுட்ட தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஊற்றினால் முளை தடைப்படாது.

சாய்த்து வைப்பதில்தான் காரியமே இருக்கிறது. முளைக்கிற விதை மூச்சு விடும், சூடும் விடும். அடியில் நீர் தேங்கினால் காற்றில்லாமல் விதை செத்து, கொழகொழத்து, புளித்த வாடை வரும். சித்திரை வெயிலில் உன் மூட்டை ஒரே பகலில் நாறிப்போவதும் இதனால்தான்: நடுவில் இருக்கும் பயறு தன் சூட்டிலேயே புழுங்குகிறது. கோடையில் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, மூன்று வேளை அலசு.

கடுகு, முள்ளங்கி விதைகளை முளைக்கவிட்டால் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும். அது வேர்த்தூவி; தண்ணீர் பட்டதும் படிந்து மறையும். பூஞ்சை அப்படி மறையாது. விதைக்கு விதை நூலாம்படை மாதிரி ஓடி, சாம்பல் நிறமாகி, மக்கல் வாடை அடிக்கும். அப்படி இருந்தால் கழுவிப் பார்க்காதே, மொத்தமாகக் கொட்டிவிடு. விதைக்கடையில் நடுவதற்காக விற்கும் விதையும் வேண்டாம், மருந்து கலந்திருப்பார்கள். ராஜ்மாவை முளைகட்டினாலும் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் இருக்கும் நஞ்சு நன்றாகக் கொதித்து வெந்தால்தான் போகும்.

முளைகட்டினால் புரதம் பெருகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே. 100 கிராம் உலர்ந்த பாசிப்பயறில் சுமார் 24 கிராம் புரதம். முளைத்ததும் அது தண்ணீர் குடித்து எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுவதால், 100 கிராம் முளைப்பயறில் அதில் பாதிகூட இருக்காது. லாபம் வேறு இடத்தில். உலர்ந்த பயறில் பேருக்குத்தான் இருக்கும் வைட்டமின் சி முளைக்கும்போது ஏறுகிறது. இரும்புச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது. வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளை முளையே தின்றுவிடுகிறது. அப்பாவுக்குச் சுண்டலைவிட முளைப்பயறு ஒத்துக்கொள்வது அதனால்தான்.

இப்போது தங்கச்சி விஷயம். 2011இல் மே மாதம் இந்த ஹாம்பர்க்கிலும் சுற்றியுள்ள வடஜெர்மனியிலும் ஒரு கொடிய ஈ.கோலி கிருமி பரவியது. 3,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள், பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. கடைசியில் வெந்தய முளை என்று தெரிந்தது. விதை எகிப்திலிருந்து வந்திருந்தது. விதைத்தோலின் வெடிப்பில் கிருமி ஒட்டியிருந்தால் எத்தனை தண்ணீர் கழுவினாலும் முழுசாகப் போகாது. முளைக்கத் தேவையான அதே ஈரமும் சூடும் அதையும் லட்சக்கணக்கில் பெருக்கும். நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. வீட்டில் சுத்தமாகத்தானே செய்கிறோம் என்று நீ சொல்வாய். உன் கை சுத்தம்தான், விதை எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாதே. இங்கே கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் முளையைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது என்கிறார்கள்.

அதனால் முளைப்பயறை நிறுத்தாதே, பச்சையாகக் கொடுப்பதை மட்டும் நிறுத்து. இட்லிப் பானையில் தட்டில் பரப்பி, ஆவி வந்தபின் ஏழெட்டு நிமிடம் வேகவிடு. நடுவில் இருக்கும் பயறும் வாய் சுடும் அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும். பிறகு கடுகு தாளித்துத் தேங்காய் தூவு. வேகும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அது ஈடாகும், பயறின் இரும்பும் உடம்பில் ஒட்டும். மிச்சத்தை ஈரம் உலர்த்தி ஃபிரிட்ஜில் வை, இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

குழந்தை பிறந்து ஆறு மாதம் முடிந்ததும் கேப்பைக் கூழுக்கும் முளை உதவும். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி, வெள்ளை முனை எட்டிப்பார்த்ததும் வெயிலில் நொறுங்கக் காயவை. லேசாக வறுத்து அரைத்துச் சலி. முளையில் ஊறும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கூழ் கெட்டிப்படாது. அதே கிண்ணம் கூழில் மாவைக் கூடுதலாகச் சேர்க்கலாம், பிள்ளையும் எளிதாக விழுங்கும். நொறுங்கக் காயாவிட்டால் மாவில் பூஞ்சை வரும், அதனால் மழை நாளில் இதைத் தொடங்காதே.

அடுத்த பார்சலில் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை வை. இங்கே கிடைக்கும் துணி தடிமனாக இருக்கிறது, தண்ணீர் சட்டென்று வடியவில்லை. தங்கச்சியிடம் இதைப் படித்துக் காட்டு.

உன் அன்பு மகள்