ஆட்டத்தைத் திட்டாதீர்கள், டெசிபலைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தின் (பி.கே.சி.) மைதானத்தில் நடந்த டி.ஜே. திருவிழாவைப் பற்றிப் போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் 'குடியும் கூத்தும்', 'வெளிநாட்டுச் சரக்கு', 'கலாசாரச் சீரழிவு' என்றெல்லாம் எழுதியிருந்தார். அவர் உள்ளே போய்ப் பார்த்தாரா தெரியாது. நான் போயிருந்தேன்.

தாராவியில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு மைக் செட் தொழில். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறோம். ஆனால் இ.டி.எம். என்கிறார்களே, அந்த மின்னணு நடன இசையை நேரில் கேட்டது இதுதான் முதல் தடவை. அக்கா மகளோடு போகவேண்டிய தோழிக்குக் காய்ச்சல். டிக்கெட் வீணாகிறதே என்று, "மாமா, நீங்க வாங்க. பாட்டு புடிக்கலன்னா ஸ்பீக்கரையாச்சும் பாத்துட்டு வாங்க" என்றாள்.

ஸ்பீக்கரைத்தான் முதலில் பார்த்தேன். மேடையின் இரண்டு பக்கமும் லைன் அரே, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்த ஸ்பீக்கர் வரிசை, வளைந்து தொங்குகிறது. கீழே மேடை நீளத்துக்கும் பேஸ் என்கிற அடித்தொனிக்கான சப்-ஊஃபர் பெட்டிகளின் அடுக்கு. நம் தெருவில் நாலு கம்பத்தில் நாலு குழாய் கட்டினால் ஒரே சொல் இரண்டு மூன்று தடவை காதில் விழும். அம்மன் பாட்டா, தேர்தல் அறிவிப்பா என்று தெருமுனையில் நிற்பவருக்குப் புரியாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், அதுதான் காரணம். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஐந்தில் ஒரு நொடி தாமதம். அங்கே மைதானத்தின் நடுவில் டவர் நட்டு, அதிலிருந்த ஸ்பீக்கர்களுக்கு அந்தத் தாமதத்தைக் கணக்குப் பார்த்து டிலே வைத்திருந்தார்கள், அதாவது மேடை ஒலி வந்து சேரும் நேரத்துக்கே அவையும் ஒலிக்கும்படி பிந்தி விட்டிருந்தார்கள். எங்கே நின்றாலும் ஒரே அடியாக விழுகிறது. மேடைக்குப் பின்னால் கழிப்பறைப் பக்கம் போனால் பேஸ் பாதிகூட இல்லை. சில சப்-ஊஃபர்களைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து, பின்னால் போகும் ஒலியைப் பின்னாலேயே அடித்துவிடுகிறார்கள். கேள்விப்பட்ட விஷயம்தான் என்றாலும் காதால் உணர்ந்தது அன்றுதான். பார்க்கிறதற்கென்றே இரண்டு தடவை அந்தப் பக்கம் போய் வந்தேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாட்டு? நிமிடத்துக்கு 128 அடி வாக்கில் கிக் என்கிற பெரிய டிரம்மின் அடி ஒரே சீராகப் போகிறது. ஒன்று முடியுமுன் அடுத்ததைக் கோத்துவிடுகிறார் டி.ஜே. முதல் அரை மணி நேரம் எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. பிறகு பிடிபட்டது. பேஸை மெல்ல உருவிவிடுகிறார். ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மின் அடி இரட்டித்து, மறுபடி இரட்டித்து ஏறுகிறது. கூட்டம் கையைத் தூக்கி நிற்கிறது. சட்டென்று ஒன்றுமே இல்லை. அடுத்த கணம் பேஸ் விழும்போது பேன்ட் துணி காலோடு படபடக்கிறது. கொடையில் சாமி இறங்குகிற நேரத்தில் நையாண்டி மேளக்காரர்கள் காலத்தை ஏற்றிக்கொண்டே போய் ஒரே போடாகப் போடுவார்களே, வேலை அதேதான்.

வெளிநாட்டுச் சரக்கு என்பதும் முழு உண்மையில்லை. மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இலேயே ரோலண்டு நிறுவனத்தின் 808 தாள இயந்திரத்தையும் 303 பேஸ் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை இதே பாணியில் பதிவு செய்தார். அதே 303 சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையால் புகழ்பெற்றது அதற்குச் சில வருஷம் கழித்துத்தான். அவர் ரெக்கார்டை அன்று வாங்க ஆளில்லை. 2010-இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் தேடிக் கேட்டது.

கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடிக்கிற இடத்தைத் தனியாக அடைத்து, வயது பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். இடித்த பையன்கள் "சாரி அங்கிள்" என்றார்கள். நம் கல்யாணப் பந்தியில் இவ்வளவு நாகரிகத்தை நான் பார்த்ததில்லை.

என் குறை வேறு. என் பையில் எப்போதும் ஒலியின் அளவைக் காட்டும் ஒரு கை மீட்டர் கிடக்கும். வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். மிக்சர் மேசை அருகே 103 டெசிபல் காட்டியது, முன் தடுப்பு ஓரத்தில் 108. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். அந்தத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சாயங்காலத்திலிருந்து நிற்கிறார்கள். மினுக்கும் தலைப்பட்டை விற்க அத்தனை கடை. காதடைப்பான் எந்தக் கடையிலும் இல்லை. மறுநாள் காலையில் அக்கா மகள், "காதுக்குள்ள இன்னும் ஞொய்னு இருக்கு மாமா" என்றாள்.

இத்தனைக்கும் சட்டத்தை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. இரவு 10 மணி அடித்ததும் பாட்டின் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மைதானத்தின் எல்லையில் எத்தனை டெசிபல் இருக்கலாம் என்று சொல்கின்றன: அந்தப் பகுதிக்கு உரிய அளவைவிட 10 கூடுதல், அல்லது 75, இரண்டில் எது குறைவோ அது. அக்கம்பக்கத்தில் தூங்குகிறவருக்கு அது காவல். காசு கொடுத்து உள்ளே நிற்கிறவன் காதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதற்கென்றே ஒரு வழிமுறை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, நிகழ்ச்சி முழுவதும் அளக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓர் இடம் வேண்டும் என்கிறது. டிலேயை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. அவ்வளவு பெரிய எல்.இ.டி. திரையின் ஓரத்தில் டெசிபலையும் ஓடவிடலாம். கையில் கட்டிவிடும் பட்டையோடு ஒரு ஜோடி பஞ்சு அடைப்பானையும் கொடுக்கலாம். அனுமதி கொடுக்கிற போலீசும் மாநகராட்சியும் இதை நிபந்தனையாகவே போட வேண்டும்.

கணபதி ஊர்வலத்தில் லாரி நிறைய ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கி, அதன் முகத்துக்கு நேரே நம் பிள்ளைகள் ஆடுகிறார்களே, அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதைக் கலாசாரச் சீரழிவு என்று யாரும் கடிதம் எழுதுவதில்லை.

என் செட்டில் வேலை பார்க்கும் பையன்களுக்கு அடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போட்டால் போன் அடிப்பது கேட்கவில்லையாம், கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட் தொழிலாளி,
தாராவி, மும்பை - 17.