மக்களே, அப்பாவுக்கு இப்போ கொள்ளாம்

அன்புள்ள மக்களே,

அப்பாவுக்கு இப்போது கொள்ளாம், வலி குறைந்திருக்கிறது. நீ போனில் கேட்டபோது அவர் பக்கத்திலேயே இருந்ததால் விவரமாகச் சொல்ல முடியவில்லை. அக்கி காய்ந்த பிறகும் விலாப்பக்கம் எரிச்சல் நிற்கவே இல்லை, சட்டைத் துணி பட்டாலே துடித்துப்போவார், ஃபேன் காற்றுகூட ஆகாது. அக்கி எழுதிப் பார்த்தோம். அப்புறம் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போனோம், அவர் பார்த்துவிட்டு இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று நேராகச் சொல்லிவிட்டார். கடைசியில் திருவனந்தபுரத்தில், வலிக்கென்றே தனியாக இருக்கிற பிரிவில் காட்டினோம். அங்கே பார்ப்பது மயக்க மருந்து டாக்டர். அவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டரில் மட்டும்தான் வேலை என்று இதுவரை நினைத்திருந்தேன்.

மனுஷ உருவம் வரைந்த ஒரு தாளைக் கொடுத்து, வலிக்கிற இடத்தைப் பேனாவால் தீட்டச் சொன்னார். அப்பா விலாவிலிருந்து முதுகுவரை அழுத்தித் தீட்டியதில் தாள் கிழிந்துவிட்டது. அதே மனுஷன், வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு நம்பர் சொல்லுங்கள் என்றால் 4 என்கிறார்! ராத்திரி முழுக்க கட்டிலில் உட்கார்ந்தே விடிய வைக்கிற ஆள். நான்தான் குறுக்கே புகுந்து 9 என்றேன். நீங்கள் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைத்துத்தான் தருவேன் என்று டாக்டர் சொன்னார். மக்களே, இதை நீ மனதில் வைத்துக்கொள்.

அடிபட்டு வருகிற வலி உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையாம், காயம் ஆறினால் போய்விடும். 3 மாதம் தாண்டியும் நிற்கிற வலியை வேறு விதமாகப் பார்க்க வேண்டுமாம். அப்பாவுக்கு நரம்பே கெட்டுப்போய், காயம் இல்லாமலே வலியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது, கடையில் வாங்குகிற வலி மாத்திரைக்கு அது கேட்காது. பிரிகாபலின் என்கிற நரம்பு வலி மருந்தைக் கொஞ்சமாகத் தொடங்கி ஏற்றினார்கள். தேவைப்பட்டால் நரம்புப் பக்கம் ஊசி போடலாமாம், இன்னும் போடவில்லை. முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் சட்டை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறார், தூங்குகிறார், அது போதும்.

இனி உன் முதுகு வலி விஷயம். மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைத் திட்டாதே. லீவுக்கு வந்தபோது நீ சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டாய். துவைக்க எடுத்த பேண்ட் பையில் டைக்ளோபெனாக் என்கிற வலி மாத்திரையின் காலி அட்டைகள். ஒன்றே ஒன்று என்றால் பேசாமல் இருந்திருப்பேன். அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும், பிரஷரும் ஏறும், அதை அந்த டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாருக்கென்று கேட்டார், சொல்லவில்லை.

மாடி கட்டினாய், தங்கச்சியைக் கரையேற்றினாய், உன்னைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதற்காக முதுகை ஒடித்துச் சம்பாதிக்கச் சொல்லி உன்னை யார் கேட்டது? வலியைப் பொறுப்பது பெரிய குணம் என்று நம் வீட்டில் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. பெரியம்மா கடைசியில் கிடந்த கிடப்பை நீயும் பார்த்தாய். மார்பின் என்கிற கடும் வலிக்கான மருந்து சுலபமாகக் கிடைக்காத காலம் அது, 2014-இல்தான் அந்தப் போதை மருந்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். அவளுக்கு வழி இல்லாமல் போச்சு. உனக்கு மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அப்புறமும் மறைத்து வைத்தால் அம்மை என்ன நினைப்பேன்?

கால் மரத்துப்போகிறதா? பாதம் தூக்க முடியாமல் தொய்கிறதா? மூத்திரம் போவதில் தடையோ, உட்காரும்போது தரையில் படுகிற இடத்தில் உணர்ச்சி இல்லாமலோ இருந்தால் அன்றைக்கே ஓட வேண்டும், லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. இல்லையென்றாலும் வலிக்குத் தனி டாக்டர் யார் என்று விசாரித்துப் போய்க் காட்டு. என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று ஒன்றுவிடாமல் சொல். நம்பர் கேட்டால் குறைக்காதே. கடை மாத்திரையை நீயாக வாங்கித் தின்னாதே, திரும்பவும் சொல்கிறேன், தின்னாதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பாவிடம் முதுகைப் பற்றிப் பேச வேண்டாம், இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கிறார். ஒன்பது மணிக்கு மேலே என் நம்பருக்கு அடி, நான் முழித்திருப்பேன்.

அம்மை