இரவுச் செபத்தில் ஐந்து நிமிடம்

மதிப்புக்குரிய பெற்றோருக்கு,

இரண்டாம் தவணை முடியப்போகிறது. தேர்ச்சி அறிக்கைகள் வழமைபோல வகுப்பாசிரியர்கள் மூலம் உங்கள் கைக்கு வரும். புள்ளிகளைப் பற்றி அப்போது பேசிக்கொள்வோம். இந்தக் கடிதம் வேறு ஒன்றுக்காக. ஜூலை 31 புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருநாள். அதையொட்டி நம் பிள்ளைகளின் செப வாழ்க்கை பற்றிக் கத்தோலிக்கக் குடும்பங்களோடு கொஞ்சம் மனம்விட்டுப் பேச நினைத்தேன். மற்றச் சமயப் பெற்றோரும் தாராளமாக வாசிக்கலாம்.

பெற்றோர் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று: "சேர், பிள்ளைக்குப் பக்தியே இல்ல. பள்ளிக்கூடத்தில இன்னும் கொஞ்சம் செபம் சொல்லிக் குடுங்க." காலைக் கூட்டத்தில் செபம் இருக்கிறது, சமய பாடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பங்கில் மறைக்கல்வி இருக்கிறது. இதற்கு மேலும் கூட்டினால் பிள்ளைக்குச் செபமும் ஒரு ரியூஷன் வகுப்பாகிவிடும். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: செபம் சொல்லு என்று அம்மாவும் அப்பாவும் சொல்வதைப் பிள்ளை தினமும் கேட்கிறது. அவர்கள் செபிப்பதைத்தான் காண்பதில்லை.

இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுது போக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் கதைகளுந்தான். சரி, கிடைத்ததை வாசிப்போம் என்று வாசித்தவர் ஒரு விடயத்தைக் கவனித்தார். சண்டையையும் புகழையும் நினைக்கும்போது மனம் குதூகலிக்கிறது, ஆனால் பிறகு வறண்டு போகிறது. புனிதர்களைப் போல வாழ நினைக்கும்போது வந்த மகிழ்ச்சியோ பிறகும் தங்குகிறது. தன் மனதுக்குள் நடப்பதை இப்படிக் கவனித்துப் பார்த்த பழக்கத்திலிருந்துதான் அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் வளர்ந்தன. அந்தப் பயிற்சிகளில் ஒன்று ஆன்ம சோதனை, அதாவது கழிந்த நாளை ஆண்டவர் முன்னிலையில் திரும்பிப் பார்ப்பது. அவர் நிறுவிய இயேசு சபையினர் அதை நண்பகலில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் செய்வார்கள். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானபின் மட்டக்களப்பில் பணியாற்ற வந்தவர்கள் இந்தச் சபைக் குருக்கள்தான். நம் பிள்ளைகள் ஓடி விளையாடும் வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அருட்தந்தை வெபரும் அந்தச் சபைக்காரர். ஆகவே இது நமக்கு அந்நியமான பக்தி முயற்சி ஒன்றுமில்லை.

ஆன்ம சோதனையின் செய்முறை எளிது. படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் போதும். முதலில் அன்றைய நாளுக்காக நன்றி. அடுத்து, நாளைச் சரியாகப் பார்க்க வெளிச்சம் தரும்படி ஆண்டவரிடம் ஒரு வேண்டுதல். அப்புறம் விடிந்ததிலிருந்து நடந்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது. யாருடன் பேசினோம், எங்கே எரிந்து விழுந்தோம், யார் நமக்கு உதவினார்கள் என்று. தவறியதற்கு மன்னிப்பு. நாளைக்குச் செய்யப்போகும் ஒரு சின்னக் காரியத்தைத் தீர்மானித்து, ஒரு பரலோக மந்திரத்தோடு முடிக்கலாம்.

நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பெரியவர்களுக்குப் பிள்ளையின் பிழையிலிருந்து தொடங்கத்தான் கை துறுதுறுக்கும். அப்படித் தொடங்கினால் இரவுச் செபம் நீதிமன்றமாகிவிடும். பிள்ளையின் பாவத்தைப் பிள்ளைதான் நினைக்க வேண்டும், அதுவும் மனதுக்குள்ளே. சத்தமாகச் சொல்வதென்றால் நன்றியை மட்டும் சொல்லட்டும்.

தாண்டவன்வெளியில் ஒரு குடும்பம் இதைச் செய்து பார்த்தது. பாயை விரித்து, நுளம்புத்திரி கொளுத்தி வைத்து, நான்கு பேரும் சுற்றி இருந்திருக்கிறார்கள். முதல் நாள் சின்னவனின் முறை வந்தபோது அவன் சொன்னது: "இண்டைக்கு அம்மா ஏசல்ல. அதுக்கு நன்றி." தாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லையாம். தன் முறை வந்தபோது அவர் பிள்ளைகளுக்கு முன்னால், "காலையில மூத்தவனுக்குச் சும்மா ஏசிப் போட்டன், மன்னிச்சுக்கொள்ளும் ஆண்டவரே" என்று சொல்லியிருக்கிறார். மூத்தவன் ஒன்பதாம் தரம், எதற்கும் முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிற வயது. மறுநாள் அவனே கூப்பிடாமல் வந்து இருந்தானாம். நான் ஒரு தவணை முழுக்கச் சமய பாடம் எடுத்தாலும் அந்த ஒரு வசனத்துக்கு ஈடாகாது.

சில வீடுகளில் அப்பா கடலுக்குப் போகிறவர், ஏழு மணிக்கே படுத்துவிடுவார். சில வீடுகளில் அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டில். எல்லோரும் கூடிச் செய்ய முடியாவிட்டால் இருப்பவர்கள் செய்யுங்கள். கட்டாரிலோ சவூதியிலோ இருப்பவரோடு வட்ஸ்அப்பில் பேசுகிற நேரத்திலேயே, "இண்டைக்கு எதுக்கு நன்றி சொல்லுவம்?" என்று பிள்ளையைக் கேட்க வைக்கலாம். அதன்பிறகு கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.

செபமாலை சொல்லும்போது பிள்ளை தூங்கி விழுகிறது என்றும் சிலர் கவலைப்படுகிறார்கள். சிறுமலர் புனித தெரேசா 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர், 24 வயதில், 1897இல், காலமானார். தியான நேரத்தில் தனக்குத் தூக்கம் வருவதை அவரே எழுதி வைத்திருக்கிறார். தூங்கும் பிள்ளையிலும் பெற்றோருக்குப் பிரியந்தானே என்று அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டிருக்கிறார். அவரை 1997இல் திருச்சபை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பெரிய ஆசிரியராக, அறிவித்தது. ஆகவே தூங்கிய பிள்ளையைத் தட்டி எழுப்பி ஐந்து தேவ இரகசியங்களையும் முடிக்க வைக்க வேண்டாம். செபமாலையில் ஒரு பத்து மணி மட்டும் சொன்னாலும் போதும். தலையணையைச் சரிசெய்து விட்டு மீதியை நீங்கள் சொல்லுங்கள்.

ஆயித்தியமலைப் பாதயாத்திரைக்குப் போக ஆயத்தமாகும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். அவ்வளவு தூரம் வெயிலில் நடக்கும் பிள்ளைக்குச் சதாசகாய மாதாவிடம் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்திருக்கட்டும். போகுமுன் வீட்டில் அதைப் பற்றிப் பேசி, ஆளுக்கொரு வேண்டுதலைத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். எட்டாம் தரத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பெரியவர் துணையின்றி அனுப்ப வேண்டாம். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

ஜூலை 31 காலை 7.30க்குப் பாடசாலை மண்டபத்தில் திருப்பலி. வேலைக்குப் போகும் வழியில் வருகிறவர்கள் பின்வாங்கில்களில் இருந்தால் நற்கருணை முடிந்ததும் இலேசாகப் புறப்படலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டோம். பாவசங்கீர்த்தனத்துக்கு முதல்நாள் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து குருக்கள் இருப்பார்கள். அது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோரும் வரலாம்.

அன்புடன்,
அதிபர்