வான்கோழி வேட்டையும் எங்க ஊர் கரண்டு கம்பியும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவில் காட்டு வான்கோழி, மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான யோசனைகளைப் போட்டிருந்தீர்கள். "இங்க காட்டுப்பன்னியத் தொட்டாலே கேஸு, இது எதுக்குவே நமக்கு?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவர் சொன்னதும் சரிதான். ஆனால் களக்காடு மலையடியில் ஏத்தன் வாழை போட்டுவிட்டு ராத்திரி பன்னிக்காவலுக்குப் போகிற எனக்கு அது பிரயோஜனப்பட்டது.

வான்கோழிக்குக் கண் கூர்மை, மூக்கு மட்டம். அதனால் வேட்டைக்காரன் அசையாமல் உட்கார வேண்டும். மானுக்கு மூக்குதான் எல்லாம், அதனால் காற்று பார்த்து உட்கார வேண்டும். நம்ம காட்டுப்பன்னியும் மூக்கை நம்பித்தான் வருகிறது, கண் அவ்வளவு பத்தாது. வேட்டைக்காரன் தன் வாசனையை மறைக்கக் காற்றைப் பார்க்கிறான், காவல்காரன் காட்டிக்கொடுக்கப் பார்க்கணும். ஆனி, ஆடியில் மேகாத்து (மேற்குக் காற்று) மலையிலிருந்து இறங்கும்போது நம்ம வாசனையெல்லாம் ஊர்ப்பக்கம் போய்விடும், பன்னி மேற்கேயிருந்து தைரியமாக வந்து கன்றைச் சாய்த்துக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். அதனால் இப்போது பரணைத் தோட்டத்தின் மேற்கு ஓரத்துக்கே மாற்றிவிட்டேன், அங்கிருந்தால் நம்ம வாசனை தோட்டம் முழுக்க அடிக்கும்.

அதில் இன்னொன்று இருந்தது, அதுக்காகத்தான் இந்தக் கடிதம். சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலமாக இருக்குமாம், அதனால் அந்த நிறத்தில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளாதே என்கிறார்கள். சத்தம் வந்த பக்கம் பதுங்கிப் போகாதே, அங்கே வான்கோழி மாதிரி கூவிக்கொண்டிருப்பது இன்னொரு வேட்டைக்காரனாக இருக்கலாம். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார். பறவையை முழுசாகப் பார்க்காமல் விசையில் விரல் வைக்காதே. எல்லாம் ஆள் சாகக் கூடாதே என்றுதான்.

இங்கே என்ன நடக்கிறது? போன ஐப்பசியில் விடியக்காலம் 4 மணிக்கு மோட்டார் போடப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் பக்கத்துத் தோட்டத்து வரப்போரம் ஏதோ பளபளத்தது. கட்டுக்கம்பி, முழங்காலுக்குக் கீழே, மூங்கில் குச்சியில் கட்டி நேராகக் கரண்டு லைனிலிருந்து இழுத்திருந்தது. பன்னியா, மாடா, மனுஷனா என்று அந்தக் கம்பி பார்க்குமா?

2025 ஜனவரியில் சட்டசபையில் சொன்ன ஏற்பாட்டையும் கேட்டோம். காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வந்த பன்னியை வனத்துறையே சுடும், 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடும், 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. எங்கள் தோட்டமெல்லாம் அந்த 1 கி.மீ.க்குள் கிடக்கிறது. பழைய சேலையைச் சுற்றிலும் கட்டுகிறோம், கொஞ்ச நாளில் அதுவும் பன்னிக்குப் பழகிவிடுகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கேட்டேன். "ராத்திரி மட்டுந்தான் போடுதேன், அண்ணாச்சி" என்றார்.

நாங்கள் மோட்டார் போடப் போவதும் அதே ராத்திரியில்தான் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
களக்காடு பக்கம்.